கிளை நூலகத்தில் உறுப்பினராவதால் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும்?

பேரூராட்சி ஒன்றில் வாழும் ஒரு தந்தை கேட்டிருக்கும் கேள்வி இது. "எங்கள் ஊரில் அரசுக் கிளை நூலகம் இருக்கிறது. காலையில் நாலைந்து பெரியவர்கள் நாளிதழ் படிப்பதைத் தவிர அங்கே வேறெதுவும் நடப்பதாகத் தெரியவில்லை. மகள் பட்டப்படிப்பை முடித்துவிட்டுக் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். மகன் ஆறாம் வகுப்பு. அதிகம் நடமாட முடியாத என் தாயாரும் எங்களுடன் இருக்கிறார். இந்த நூலகத்தில் உறுப்பினராவதால் எங்களுக்கு உண்மையில் ஏதேனும் பயன் உண்டா?" தமிழ்நாட்டின் சிற்றூர்க் கிளை நூலகங்களில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மூன்று பேருக்கும் பயன் உண்டு. ஆனால் அந்தப் பயனில் பெரும்பகுதி கேட்டு வாங்கினால் கிடைப்பது; அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே என்னென்ன கிடைக்கும் என்பதோடு, எப்படிக் கேட்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஓர் இனம் இருக்கும். சொத்து வரியில் ஒரு ரூபாய்க்கு 10 காசு என்ற கணக்கில் உள்ளாட்சி அமைப்பு அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். நூலகத்தின் வாசலை மிதிக்காத குடும்பமும் அதன் செலவில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஏற்றுக்கொண்டுதான் வருகிறது. இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படை 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். அந்தச் சட்டத்தின் பின்னணியில் பல ஆண்டுக்காலம் உழைத்தவர் சீர்காழியில் 1892-இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன். சிறிய ஊரில் பிறந்த ஒருவர், புத்தகம் என்பது வசதி படைத்தவர்களின் அலமாரியோடு நின்றுவிடக் கூடாது என்று எண்ணியதன் விளைவாகத்தான் இன்று உங்கள் பேரூராட்சியில் அந்தக் கட்டடம் நிற்கிறது. எனவே உள்ளே போகத் தயங்க வேண்டாம். அது உங்கள் பணத்தில் நடப்பது.

அந்தக் கட்டடம் தனித்து நிற்பதும் அன்று. சென்னையில் 1896-இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகம் மாநில மைய நூலகமாகத் தலையில் இருக்க, அதன் கீழ் மாவட்ட மைய நூலகங்கள், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள், பகுதி நேர நூலகங்கள் என்று மாநிலம் முழுவதும் 4,000-க்கும் மேற்பட்ட நூலகங்கள் பொது நூலகத் துறையின் கீழ் இயங்குகின்றன. உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு நூல் இல்லையென்றால் பேச்சு அத்தோடு முடிவதில்லை. மாவட்ட மைய நூலகத்தில் இருக்கிறதா என்று நூலகரிடம் விசாரிக்கச் சொல்லலாம். அடுத்த முறை அலுவல் நிமித்தம் மாவட்டத் தலைநகருக்குப் போகும்போது நூலகர் அதை எடுத்து வருவதும் உண்டு. எங்கும் கட்டாயமாக நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் கேட்காத இடத்தில் ஒருபோதும் நடக்காது.

உறுப்பினராவது எளிது. விண்ணப்பப் படிவம் நூலகத்திலேயே கிடைக்கும். முகவரிச் சான்றின் நகல், திரும்பப் பெறக்கூடிய ஒரு சிறிய காப்புத்தொகை, ஆண்டுச் சந்தா ஆகியவை போதும். எல்லாம் சேர்த்தாலும் இன்று ஒரு வார இதழை இரண்டு மூன்று மாதம் வாங்கும் செலவைத் தாண்டாது. எத்தனை நூல் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்பது கட்டும் காப்புத்தொகையைப் பொறுத்தது. மூன்று பேர் படிக்கும் வீடென்றால் ஒரே அட்டையோடு நிற்காமல் தனித்தனியாக உறுப்பினராகிக் கொள்ளுங்கள், குறிப்பாக மகன் பெயரில் ஓர் அட்டை இருக்கட்டும். தன் பெயர் எழுதிய அட்டையைத் தானே நீட்டிப் புத்தகம் வாங்கும் சிறுவன், அப்பா வாங்கி வந்து கொடுத்த புத்தகத்தைப் படிக்கும் சிறுவனைவிட விரைவில் வாசகனாவதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். நூலக நேரத்தையும் விடுமுறை நாளையும் வாசல் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். இது தெரியாமல் வெள்ளிக்கிழமை வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, "நூலகம் எப்போதும் மூடியே கிடக்கிறது" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இனி மகளின் தேர்வு. இதில்தான் சிற்றூர் நூலகத்தின் பயனை மக்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு பத்தாம் வகுப்புத் தரத்தில் அமைந்தது. 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அதில் சரிபாதியான 100 வினாக்கள் தமிழ்த் தகுதி மற்றும் மதிப்பீட்டுத் தேர்வு. அந்தப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 150-க்கு 60 மதிப்பெண், பெறாதவரின் மற்றப் பகுதி மதிப்பிடப்படாது. மறுபாதியில் பொது அறிவுக்கு 75 வினாக்கள், திறனறிவுக்கு 25 வினாக்கள். இந்த அமைப்பை ஊன்றிப் பார்த்தால், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பாடநூல்கள்தாம் முதன்மையான கருவி என்பது விளங்கும். அந்தப் பாடநூல்களைப் பல கிளை நூலகங்கள் போட்டித் தேர்வுப் பகுதியில் தொகுப்பாக வைத்திருக்கின்றன. இல்லாத நூலகத்தில், ஊர்ப் பள்ளி மாணவர்கள் தேர்வு முடித்ததும் தரும் பழைய புத்தகங்களைச் சேகரித்து ஒரு தொகுப்பு உருவாக்கிவிடலாம். நூலகரும் வாசகர்களும் சேர்ந்தால் ஒரு கோடை விடுமுறையில் முடிகிற வேலை அது. பாடத்திட்டம் மாறும்போது பழைய பதிப்பையே நம்பிப் படித்துவிடக் கூடாது என்பதை மட்டும் கவனத்தில் கொள்ளச் சொல்லுங்கள். தேர்வாணையத்தின் இணையதளத்தில் உள்ள நடப்புப் பாடத்திட்டத்தை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அதன்படி எந்த வகுப்பின் எந்தப் பாடம் வேண்டும் என்று குறித்துப் படிப்பதுதான் முறை.

நூலகம் தரும் இன்னொரு கருவி நாளிதழ்கள். வீட்டில் ஒரு நாளிதழ் வாங்குவோம். நூலகத்தில் நாலைந்து இருக்கும், அவற்றுடன் ஒன்றிரண்டு ஆங்கில இதழும் இருக்கும். ஒரே செய்தியை இரண்டு இதழ்களில் படித்து ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு நான்கு வரி எழுதும் பழக்கத்தை ஆறு மாதம் கடைப்பிடித்தவர்கள், நடப்பு நிகழ்வுகளுக்கென்று விற்கும் கையேடுகளுக்காகக் காத்திருப்பதில்லை. மத்திய அரசின் வெளியீட்டுப் பிரிவு தமிழில் கொண்டுவரும் 'திட்டம்' இதழ் உங்கள் நூலகத்துக்கு வருகிறதா என்றும் கேளுங்கள். அரசுத் திட்டங்கள், பொருளாதாரம் ஆகியவற்றைத் தெளிவான தமிழில் விளக்கும் கட்டுரைகள் அதில் கிடைக்கும். குரூப் 2, குரூப் 1 என்று பின்னால் ஏறிச் செல்ல நினைப்பவருக்கு அந்த நடை பழகுவது நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரியது இடம். தனியாக ஓர் அறை இல்லாத வீட்டில், தொலைக்காட்சிக்கும் விருந்தாளிகளுக்கும் இடையே ஒரு பெண் மூன்று மணி நேரம் தொடர்ந்து படிப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. நூலகத்தில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, பேச்சுச் சத்தம் இல்லாத சூழல் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நான் பணியாற்றிய ஓர் ஊரில் இரண்டு பெண்கள் காலையில் கதவு திறக்கும்போதே வந்து ஒரு மூலை மேசையில் அமர்ந்துவிடுவார்கள். தொடக்கத்தில் உற்று உற்றுப் பார்த்த ஆண்கள் சில வாரங்களில் பழகிப் போனார்கள். அடுத்த ஆண்டு அந்த மூலையில் ஏழு பேர் இருந்தார்கள், ஒருவர் குறிப்பை மற்றவர் படித்துத் திருத்துவார். பயிற்சி நிலையத்துக்கு ஆயிரக்கணக்கில் கட்ட முடியாதவர்களுக்கு அந்தக் கூட்டுப் படிப்பே பயிற்சி நிலையமாக இருந்தது. உங்கள் மகள் தனியாகப் போகத் தயங்கினால், முதல் சில நாள்கள் ஒரு தோழியையும் அழைத்துச் செல்லட்டும். உட்கார இடமில்லை, கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது என்பன போன்ற குறைகள் இருந்தால் எழுத்துமூலமாக நூலகரிடமும், தீராவிட்டால் மாவட்ட நூலக அலுவலரிடமும் கொடுங்கள். பெண்கள் நூலகத்துக்கு வராததற்குக் காரணம் ஆர்வமின்மை என்று சொல்லிவிடுகிறார்கள். பல ஊர்களில் உண்மையான காரணம் கழிப்பறைதான். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அருகில் நகராட்சி இருந்தால் அங்கே 'நூலகம் மற்றும் அறிவுசார் மையம்' என்ற பெயரில் புதிய கட்டடம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நகராட்சி நிர்வாகத் துறை போட்டித் தேர்வு மாணவர்களை மனத்தில் வைத்துப் பல ஊர்களில் கட்டியவை அவை. கணினியும் இணைய வசதியும் கொண்டவை. அவை பொது நூலகத் துறையின் கிளை நூலகங்களிலிருந்து வேறானவை. இரண்டையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

மகனைப் பற்றி. ஆறாம் வகுப்புப் பையனை நூலகத்துக்கு அழைத்துச் சென்று "பொது அறிவுப் புத்தகம் எடு" என்று சொல்லாதீர்கள். அவன் எதை எடுக்கிறானோ அதை எடுக்கட்டும், படக்கதையாக இருந்தாலும் சரி, பேய்க்கதையாக இருந்தாலும் சரி. சிறுவர் பகுதி ஓர் அலமாரி அளவுதான் இருக்கும். ஆனால் அந்த ஓர் அலமாரியை முழுவதும் படித்து முடிக்கும் சிறுவன் அரிது. ஓர் ஒழுங்கு மட்டும் கற்றுக்கொடுங்கள். தமிழக நூலகங்கள் பலவற்றில் புத்தகங்கள் தூயி தசமப் பகுப்பு முறைப்படி எண்ணிடப்பட்டிருக்கும். அதில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, அதன்பின் 1 வந்தால் கவிதை, 2 நாடகம், 3 கதையும் நாவலும். எண் 5 என்று தொடங்கினால் அறிவியல், 9 என்று தொடங்கினால் வரலாறும் புவியியலும். முதுகில் ஒட்டிய எண் ஒரு முகவரி என்று புரிந்துகொண்ட சிறுவனுக்கு எந்த நூலகமும் புதிய இடமாகத் தெரியாது. பிற்காலத்தில் கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ, மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ போனாலும் மிரள மாட்டான். எடுத்த நூலை அலமாரியில் அவனே திரும்ப வைத்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். மேசையில் வைத்தால் போதும். இடம் மாறி அலமாரிக்குள் செருகப்பட்ட நூல், தொலைந்த நூலுக்குச் சமம்.

உங்கள் தாயாருக்கு 'நூலக நண்பர்கள்' திட்டம் பயன்படும். நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள், வீட்டை விட்டு எளிதில் வெளியே வர முடியாத பெண்கள் ஆகியோருக்குத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே நூல்களைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கி வரும் ஏற்பாடு அது. உங்கள் ஊர் நூலகத்தில் அத்தகைய தன்னார்வலர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் மகளோ மகனோ அந்தப் பணியை ஏற்றுக்கொண்டு, பாட்டிக்கும் அதே தெருவில் இருக்கும் இன்னும் இருவருக்கும் புத்தகம் சுமக்கலாம். வாசகரைத் தேடிப் புத்தகம் போவது நமக்குப் புதிதன்று. மன்னார்குடி அருகேயுள்ள மேலவாசலில் கனகசபைப் பிள்ளை 1931-இல் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிச் சுற்றுவட்டார ஊர்களுக்கு அனுப்பினார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டவும் ஏற்பாடு இருந்தது. தாயாருக்குக் கண்பார்வை மங்கியிருந்தால், இந்தக் கடைசிச் செய்தியை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். மாலையில் அரை மணி நேரம் பேரன் பாட்டிக்கு ஒரு கதையை உரக்கப் படித்துக் காட்டினால், அவனுடைய தமிழ் உச்சரிப்புக்கு வேறு பயிற்சி வேண்டியதில்லை.

கேட்பது எப்படி என்று தொடக்கத்தில் சொன்னேன். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியல் ஐந்து விதிகளில் முதல் மூன்றை மட்டும் இங்கே தருகிறேன்: நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இரண்டாம் விதியை நிறைவேற்ற நூலகருக்கு உங்களுக்கு என்ன வேண்டும் என்பது தெரிந்தாக வேண்டும். "நல்ல புத்தகம் இருந்தால் கொடுங்கள்" என்று கேட்டால் அவர் கைக்கு எட்டியதைத் தருவார். "தென்னையில் சிவப்புக் கூன்வண்டு வந்திருக்கிறது, அதைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டால் வேளாண்மை அலமாரியைத் திறப்பார், இல்லையென்றால் அந்தத் துறையில் இருப்பு இல்லை என்பதையாவது உணர்வார். வேண்டிய நூல் இல்லாதபோது அதன் பெயர், ஆசிரியர், பதிப்பகம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, பரிந்துரையாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாயால் சொன்னது அன்று மாலையே மறந்துபோகும். மூன்று வாசகர்கள் ஒரே நூலை எழுத்தில் கேட்டிருந்தால், நன்கொடையாக நூல் தர வரும் ஒருவரிடம் நூலகர் "இதை வாங்கித் தாருங்கள்" என்று சொல்ல முடியும். நான் அப்படிப் பலமுறை செய்திருக்கிறேன்.

சிற்றூர் நூலகத்தில் கிடைக்காதவையும் உண்டு, அவற்றை மறைக்க வேண்டியதில்லை. பழைய நாளிதழ்களைச் சேர்த்து வைக்க அங்கே இடமில்லை. சில காலத்துக்குப் பின் அவை கழிவுத் தாளாகப் போய்விடும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வந்த இதழ் வேண்டுமென்றால் கன்னிமாராவுக்கோ, சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ போக வேண்டும். 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் கன்னிமாராவும் ஒன்று. பழந்தமிழ் நூல்களுக்கும் அரிய பதிப்புகளுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்நூலகம், 1998 முதல் தன்னார்வலர்களால் நடத்தப்படும் மதுரைத் திட்டம் ஆகியவற்றில் செல்பேசியிலேயே இலவசமாகத் தேடலாம்.

நூலகத்துக்கு நீங்கள் செய்யக்கூடியதும் இதில் அடங்கும்; அதைப் பெறுவதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஒவ்வொரு நூலகத்திலும் வருகைப் பதிவேடும் நூல் வழங்கிய கணக்கும் பராமரிக்கப்படுகின்றன. அவற்றின் தொகை மாதந்தோறும் மேலே போகிறது. பகுதி நேர நூலகத்தை ஊர்ப்புற நூலகமாகவோ, ஊர்ப்புற நூலகத்தைக் கிளை நூலகமாகவோ தரம் உயர்த்தக் கோரும்போது உறுப்பினர் எண்ணிக்கை, நன்கொடை தந்து ஆதரிக்கும் புரவலர்களின் எண்ணிக்கை, இடவசதி ஆகியவையே பார்க்கப்படுகின்றன. உள்ளே வந்து இரண்டு மணி நேரம் படித்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திடாமல் போகும் வாசகர், கணக்கில் வராத வாசகர். ஆகவே கையெழுத்திடுங்கள், மகனையும் இடச் சொல்லுங்கள். முடிந்தால் ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலராகலாம். பள்ளி ஆசிரியர்கள், கடைக்காரர்கள் என்று ஊரில் பத்துப் பேர் புரவலரானாலே அந்த நூலகத்தின் குரலுக்கு எடை கூடும்.

பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. பெயரளவில் இருக்கும் இடங்களும் உண்டு. மாதம் ஒருமுறை ஒரு நூலைப் பற்றிப் பேசுவது, நவம்பர் 14 முதல் 20 வரையிலான தேசிய நூலக வாரத்தில் மாணவர்களுக்குப் பேச்சு, ஓவியப் போட்டிகள் நடத்துவது, அரசுத் தேர்வில் வென்ற உள்ளூர் இளைஞர்களை அழைத்துப் பேச வைப்பது ஆகியவை அதன் வேலைகள். உங்கள் ஊரில் அது உறங்கிக் கிடந்தால் எழுப்புவதற்கு நீங்களும் இன்னும் நான்கு பேரும் போதும். நூலகர் பெரும்பாலும் தனி ஆள். திறப்பது, நூல் வழங்குவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவர் ஒருவரே. அவர் மறுக்கிறார் என்று தோன்றும் பல வேளைகளில் அவர் களைத்திருக்கிறார் என்பதே உண்மை. நாற்காலி எடுத்துப் போடவும் அழைப்பிதழ் கொடுக்கவும் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அவர் மகிழ்ச்சியோடு முன்வருவார்.

மகளுக்கு இன்னொரு வழியையும் சொல்லி வைக்கிறேன். பட்டம் முடித்தவர் என்பதால், விருப்பமிருந்தால் நூலகம் மற்றும் தகவல் அறிவியலில் ஓராண்டு இளநிலைப் பட்டம் படிக்கலாம். தொலைநிலைக் கல்வியிலும் பல்கலைக்கழகங்கள் அதை நடத்துகின்றன. பள்ளி, கல்லூரி, அரசுத் துறை நூலகங்கள் எல்லாவற்றிலும் அந்தப் படிப்புக்கு இடமுண்டு. பணியிடங்கள் அடிக்கடி அறிவிக்கப்படுவதில்லை என்பதால் இதை மட்டுமே நம்பி இருக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் நூலகத்தில் ஓராண்டு அமர்ந்து படித்த பிறகு அந்த வேலையின் மேல் பற்று வந்துவிட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை மகளையும் மகனையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஆதார் அட்டையின் நகல்களையும் தாயார் கேட்கும் இரண்டு புத்தகங்களின் பெயரை எழுதிய ஒரு துண்டுச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். போட்டித் தேர்வு அலமாரி எது, வாசகர் வட்டத் தலைவர் யார், நூலக நண்பர் எவரேனும் இருக்கிறாரா என்ற மூன்று கேள்விகளையும் நூலகரிடம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர் இல்லை என்று சொன்னால், உங்கள் வீட்டிலிருந்து ஒரு பெயரை அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.